நண்டுக்கு எண்ணெய்க் காப்பு

இரும்பு கத்தினால் அவருக்குப் பொறுக்காது. மனிதர்கள் கத்தட்டும், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு கதவின் கீல் முனகினால் போதும், எழுந்துவிடுவார்.

சூலியா தெருவில், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் தேத்தண்ணீர்க் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்திலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்கள் அங்கேதான் கூடுவோம். அந்தக் கடையின் ஆட்டக்கதவு ஆள் நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை, கழுத்தைத் திருகிய சேவலைப் போலக் கத்தும். அவர் அங்கே முதன்முதலாக வந்த அன்றைக்கே, பாதி குடித்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். மடியிலிருந்து நீள மூக்கு வைத்த சின்னக் குப்பியை எடுத்தார். கீலில் இரண்டு சொட்டு விட்டார். குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கதவை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சத்தம் செத்தது.

கடைக்காரக் காக்கா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓய், யாரு உம்மைக் கேட்டா? அந்தச் சத்தம் இருந்தாத்தான் காசு குடுக்காம நழுவுறவன் எவன்னு எனக்குத் தெரியும். இனிமே நான் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டே இருக்கணும்லா."

கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்கு வலிக்குது காக்கா" என்றார். கதவைத்தான் சொன்னார்.

இப்படித்தான் எங்கும். மாட்டுவண்டியை நடுத்தெருவில் மறித்து அச்சுக்கு எண்ணெய் விடுவார். வண்டிக்காரன் சாட்டையை ஓங்கியதும் உண்டு. சீனத் தையற்காரரின் மிஷினுக்குக் கூலியில்லாமல் எண்ணெய் போடுவார். ஒருநாள் சீனர்களின் சாவு ஊர்வலம் ஒன்று போனது. தாளம், அழுகை, ஊதுவத்திப் புகை. அத்தனைக்கும் நடுவில் பிணவண்டியின் பின்சக்கரம் ஒன்று வேறு சுருதியில் அழுதது. இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், வண்டியோடு வண்டியாகக் குனிந்து ஓடிக்கொண்டே அச்சில் எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். துக்கத்தில் இருந்தவர்கள் இது ஏதோ தமிழர் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். வழிவிட்டார்கள்.

எண்ணெய் போட உட்கார்ந்தால் ஓர் இணைப்பையும் விடமாட்டார். அது அவருடைய நியாயம். தேடித் தேடி, விரலால் தடவித் தடவி, கண்ணுக்குத் தெரியாத சந்துக்கும் ஒரு சொட்டு. "பந்தியில ஒருத்தனை மட்டும் விட்டுட்டுப் பரிமாறலாமா?" என்பார். அந்த நியாயம் எனக்கு அப்போது அழகாக இருந்தது. இப்போது நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

ஆயர் ஈத்தாமுக்குப் பின்னால் மலையின் விலாவைக் குடைந்து கல் எடுத்தார்கள். கடலோரத்தைத் தூர்த்துச் சுவர் கட்டுவதற்கான கல். அந்தக் கம்பெனி இன்று இல்லை. மலையில் அது போட்ட காயத்தின் மேல் லாலாங் புல் மூடிக் கிடக்கிறது. மேலே கல் உடைப்பார்கள். ஒரு சின்ன நீராவி இன்ஜின், முன்னால் நின்று கல்வண்டிகளைத் தாங்கிப் பிடித்தபடி, மெல்ல மெல்லக் கீழே இறக்கி வரும். அடிவாரத்தில் தகரக் குடிசையில் உட்கார்ந்து எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி நான். அவர் மேலே, இன்ஜின் கொட்டகையில், எண்ணெய் போடுகிறவர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எங்கேயோ கப்பலில் இன்ஜின் அறையில் இருந்திருக்கிறார் என்பார்கள். கேட்டால் சிரிப்பார். கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் அவர் 'எண்ணெய்'தான்.

அந்த மலைவழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அங்கே சமதரையில் ஓடிய ஓர் இன்ஜினைத்தான் கொண்டுவந்து ஏற்றினார்கள். நல்ல இன்ஜின். சக்கரத்தைக் கட்டைகள் அழுத்தி நிறுத்தும் பிரேக்கு. தரையில் அது போதும். ஒரு மழை நாளில் கல்லோடு இறங்கும்போது டிரைவர் பிரேக்கை இறுக்கினார். சக்கரங்கள் நின்றுவிட்டன. வண்டி நிற்கவில்லை. சுற்றாத சக்கரங்களோடு, ஈரத் தண்டவாளத்தின் மேல், ஊறிய இலைகளின் மேல், பனையோலையில் உட்கார்ந்த பிள்ளை சறுக்கி வருவதுபோல் அத்தனை கல்லும் சறுக்கி வந்தது. அடிவாரத்து மணல்மேட்டில் புதைந்து என் தகரச் சுவரைச் சாய்த்துவிட்டு நின்றது. யாரும் சாகவில்லை. நான்கு நாள் நான் குடிசைக்கு வெளியே நின்றே எடை பார்த்தேன்.

சக்கரம் நின்ற பிறகும் வண்டி ஏன் வந்தது என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் என்னைச் சேற்றுச் சரிவுக்குக் கூட்டிப்போய் இறங்கச் சொன்னார். காலை ஊன்றினேன், ஊன்றிய காலோடு வழுக்கினேன். பக்கத்து மரத்தைப் பிடித்தேன், நின்றேன்.

"அவ்வளவுதான் கிராணித் தம்பி" என்றார். "சரிவுல காலை நம்பக் கூடாது. எதையாவது கையால பிடிக்கணும். அந்த வழியில பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? தண்டவாளந்தான்."

அதன் பிறகு வந்த இன்ஜினுக்கு அப்படியொரு கை இருந்தது. வயிற்றுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, இரண்டு பெரிய இரும்புத் தாடைகள். பின்பக்கத் தட்டில் நிற்கிறவர் ஒரு கைச்சக்கரத்தை முறுக்கினால் அந்தத் தாடைகள் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் கவ்வும். சக்கரத்தை விட்டுவிட்டுப் பாதையையே கடித்து நிற்கும் பிரேக்கு. எங்கள் ஆட்கள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். நண்டு இல்லாத எந்த இன்ஜினும் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று அடிவாரத்தில் பலகை நட்டார்கள்.

நண்டின் தாடை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். அத்தனை இரும்புக்கும் எண்ணெய் போடுகிறவர் அந்த ஒன்றுக்கு மட்டும் போடக்கூடாது. தினமும் காலையில் இன்ஜினுக்கு அடியில் படுத்து, பழந்துணியால் துடைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு வருவார். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் வெளியே வரும்போது அவர் முகம் வாடியிருக்கும். இறங்கும்போது நண்டு போடும் கூச்சல் மலை முழுக்கக் கேட்கும், இரும்பை இரும்பு உயிரோடு உரிக்கிற கூச்சல். அப்போதெல்லாம் கொட்டகையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எல்லாரையும் காப்பாத்துறது அது. அதுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டேன். இரும்பிடம் கடன்பட்டதுபோல் பேசுகிறாரே என்று.

நண்டின் கைச்சக்கரத்தைப் பிடித்தவர் பெயர் சின்னையா. ஒல்லி ஆள், ஆனால் மணிக்கட்டு மட்டும் தனியாகச் செய்து பொருத்தியதுபோல் இருக்கும். கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டார். போகாததைப் பற்றிப் பெருமையும் அடிக்கமாட்டார். மனைவி அஞ்சலை மேலே கல் உடைத்தாள். ஒரு கைக்குழந்தை.

அந்த வருஷத்து ஆயுத பூஜை மழையில் வந்தது. காலையிலேயே இன்ஜினைக் கழுவி, கொதிகலனுக்கு மாலை, விளக்குக்குப் பொட்டு, சக்கரத்துக்குச் சந்தனம். சுத்தியல், உளி, கடப்பாரை, என் தராசுப் படிக்கல் எல்லாம் வரிசையாக அம்மன் படத்துக்கு முன்னால். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலை மறுபூஜை முடித்து எடுத்தால்தான் உண்டு. அப்படித்தான் வழக்கம், வெள்ளைக்காரத் துரையும் அதுவரை அந்த ஒருநாளை மறித்ததில்லை.

எல்லோரும் பொரிகடலைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது அவர் இன்ஜினுக்கு அடியில் போனார். வருஷம் முழுக்கச் சாம்பல் மட்டுமே கண்ட அந்தத் தாடைகளுக்கு, சாமி சிலைக்குச் செய்வதுபோல், நல்லெண்ணெய்க் காப்பு செய்தார். தாராளமாக. உட்புறம் வரைக்கும். மேலே சந்தனம் அப்பினார். மறுநாள் மறுபூஜை முடிந்ததும் துடைத்துச் சாம்பல் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. வண்டிதான் ஓடப்போவதில்லையே. அதற்கும் ஒருநாள் வேண்டாமா? யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார். பிறகு குளித்துவிட்டு, தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போய்விட்டார்.

மத்தியானம் கடல் கொந்தளித்தது. பாதி கட்டிய சுவரை அலை அரிக்கிறது, உடனே கல் வேண்டும் என்று துரைக்கு ஆள் வந்தது. ஒரே ஒரு தடவை இறக்கினால் போதும் என்றார் துரை. டிரைவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நெருப்பு மூட்டினார். சின்னையாதான் தயங்கினார். பூஜையில் வைத்த இரும்பு என்றார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"துரை சொல்லியாச்சு. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஏறு."

சின்னையா ஒரு தேங்காய் உடைத்தார். கைச்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறினார். படிக்கல்லைப் பூஜையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்பதற்காக மேலே போயிருந்த நான் இதைப் பார்த்தேன்.

நான் குறுக்குவழியில் அடிவாரம் வந்து சேர்ந்தபோது விசில் கேட்டது. பிரேக்குப் போடு என்று டிரைவர் கொடுக்கும் விசில். அதற்குப் பின்னால் வழக்கமாக வரவேண்டிய நண்டின் கூச்சல் வரவில்லை. மறுபடியும் விசில். மறுபடியும். அந்த மலை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை. பிறகு டுரியான் மரத்து வளைவில் வேறொரு சத்தம்.

டிரைவர் குதித்திருந்தார், ஒரு கால் போயிற்று, உயிர் இருந்தது. சின்னையா குதிக்கவில்லை. கல்லுக்கு அடியிலிருந்து அவரைத் தூக்கிய இருவர், கைச்சக்கரம் கடைசிப் புரி வரைக்கும் முறுக்கியிருந்தது என்று அன்றைக்குச் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது கவனிக்கவில்லை என்றார்கள்.

அவர் கோயிலிலிருந்து வந்தார், இலையில் பிரசாதத்தோடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, புரண்டு கிடந்த இன்ஜினின் வயிற்றருகே உட்கார்ந்தார். தாடைக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். வெகுநேரம் விரலை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"நல்லெண்ணெய் வாசம், கிராணித் தம்பி" என்றார். பிரசாதம் காலடியில் கொட்டிக் கிடந்தது.

அவர் ஒளிக்கவில்லை. என் மனத்தில் அவரைத் தூக்கி நிறுத்துவதும் அதுதான், நடுங்கவைப்பதும் அதுதான். அன்றைக்கே துரையின் பங்களாவுக்குப் போனார். தன் ஆங்கிலம் போதாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் நான் சொன்னேன். துரை அமைதியாகக் கேட்டார். இன்ஜின் ஓடக்கூடிய நிலையில் இல்லையென்றால் தான் அதை ஓட்டச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். திருநாளில் இந்த ஆட்கள் குடிப்பது ஊருக்கே தெரியும், பிரேக்குப் பிடித்தவன் குடித்திருக்கிறான், நேரத்துக்கு முறுக்கவில்லை என்றார். இவர் நல்ல எண்ணெய்க்காரர், வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்றார். அதையும் ஒரு சொல் குறைக்காமல் இவரிடம் சொன்னேன்.

லயத்தில் வேறு தீர்ப்பு. குடித்தார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பூஜையில் வைத்த இரும்பைத் தொட்டார், ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். தொடச்சொன்ன மண்டோரே அதை முதலில் சொன்னார். இவர் மறித்தார். எண்ணெய் போட்டது என் கை என்றார்.

"சாமிக்குச் செஞ்ச காப்பு ஆளைக் கொல்லும்கிறியா?" மண்டோர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்போ ஆத்தாதான் கொலைகாரியா? நாக்கு அழுகிப்போகும். போ, வேலையைப் பாரு."

துரையின் கதையில் சின்னையா குடிகாரர். லயத்தின் கதையில் பாவி. இரண்டிலும் செத்தவர் மேல்தான் பழி. குடிகாரரின் மனைவிக்கு நஷ்டஈடு இல்லையென்றது கம்பெனி. பாவியின் மனைவியோடு தண்ணீர்க்குழாயில் நிற்கமாட்டோம் என்றார்கள் பெண்கள். கல் உடைக்க ஆள் வேண்டுமென்பதால் அஞ்சலைக்கு லயத்தின் கடைசி அறை மட்டும் மிஞ்சியது. அதையும் எப்போது பிடுங்கலாமென்று மண்டோர் காத்திருந்தார்.

எண்ணெய்க்காரர் அஞ்சலையின் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? அவரு குடிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும். தேங்கா உடைச்சுட்டு ஏறுனாருன்னும் தெரியும். தெரியாதவங்கள்லாம் தண்ணிக்குழாயில நிக்கிறாங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

போனார். அன்றிலிருந்து ஒரு வருஷம் அவர் செய்தது அது ஒன்றுதான். விடிகாலையில் தண்ணீர்க்குழாய் அருகே நின்று, குடத்தோடு வரும் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். சின்னையா பிரேக்கை முறுக்கினார், எண்ணெய் போட்டது நான். சம்பள நாளில் வரிசையில் நின்று சொன்னார். பட்டணத்தில் படகேறப் போகிறவர்களிடம் சொன்னார், நாவிதரிடம் சொன்னார், முன்பின் தெரியாத சீக்கியக் காவலாளியிடம் மலாயில் சொன்னார். கேட்டவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு இரங்கினார்கள், பிறகு விளையாடினார்கள். சூலியா தெருக் கடையில் அவர் தலை தெரிந்ததும், "எண்ணெய் வந்துட்டாருப்பா, கதைக்கு எடம் விடுங்க" என்பார்கள். காக்காவே ஒருநாள் அவரைத் தனியே கூப்பிட்டு, ஜனங்கள் தேத்தண்ணீர் குடிக்க வருகிறார்கள், சாவைக் கேட்க இல்லை என்று பதமாகச் சொல்லிப்பார்த்தார். காக்காவுக்கும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

குப்பியை எங்கே போட்டாரோ தெரியாது. கொட்டகையிலிருந்து அவரை எடுத்துக் கல் அள்ளப் போட்டார் மண்டோர். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. அவர் எழவில்லை.

எனக்கு அவரைப் பார்க்கவே பயமாகிவிட்டது. உண்மை சொல்கிற மனிதனைப் பார்த்து ஏன் பயந்தேன்? உண்மை அவரிடம் ஒரு நோயைப்போல இருந்தது. அடித்த மறுநிமிஷம் வருகிற கோபம் மாதிரி அல்ல. தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற காய்ச்சல் மாதிரி.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. இன்ஜினைப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்துக் குற்றத்துக்குப் பரிகாரமாக இந்த வருஷம் நண்டுக்கே பெரிய காப்பு என்று மண்டோர் அறிவித்தார். ஒரு குடம் நல்லெண்ணெய். தாடை தெரியாமல் சந்தனம். இன்றைக்கு வண்டி ஓடாது என்று துரையிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. நாளைக் காலையில், காப்புக் கலையாமல், துடைக்காமல், ஆத்தாளின் எண்ணெயோடுதான் முதல் வண்டி இறங்கவேண்டும். அதுதான் ஆத்தாளின் துணை என்றார்.

அன்று சாயங்காலம் எண்ணெய்க்காரர் என் குடிசைக்கு வந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிவாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுடும், தம்பி. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வண்டி வளைவுல நிக்காது. அப்புறம் சின்னையா குடிச்சான்னு எவன் சொல்லுவான்? தொட்டான்னு எவன் சொல்லுவான்?"

மேலே புதிதாகக் கைச்சக்கரம் பிடிக்கிறவன் ஊரிலிருந்து வந்து அரை வருஷம்கூட ஆகாதவன் என்று நினைவுபடுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் இருந்தது, அவர் அங்கே இல்லை. எழுந்து மேலே ஏறிப்போனார். அஞ்சலையிடமும் அதையே போய்ச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

நான் மறுநாள் துரையிடம் ஓடினேன். துரை பட்டணத்தில் இருந்தார். கொட்டகைக்கு ஓடினேன். மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைந்துகொண்டிருந்தது. இன்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புதியவன் நெற்றி நிறைய விபூதியோடு பின்தட்டில் ஏறி நின்றிருந்தான். பழைய டிரைவரின் இடத்தில் வேறொருவர், சமதரையில் ஓட்டிப் பழகியவர். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அவர் வந்தார், ஒரு கையில் கந்தல், மறு கையில் ஓட்டுச் சில்லில் சாம்பல்.

அவர் இரவு முழுக்க என்ன போராடினார் என்று எனக்குத் தெரியாது. வந்தார். அதற்குமேல் யாரிடம் என்ன கேட்பது?

குனிந்து இன்ஜினுக்கு அடியில் போனவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஆத்தா காப்பைத் துடைக்கிறான் என்று ஒருவன் சொன்னதும் அடி விழுந்தது. நான் போய்த் தடுத்தேன்; என்னையும் தள்ளினார்கள். கல் அள்ளுகிற கைகள். அவருடைய வலது முன்கையில் எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். அவர் கத்தவில்லை. துடைச்சுடுங்க, துடைச்சுடுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இருவர் அவரைத் தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். மண்டோர் டிரைவருக்குக் கை காட்டினார்.

பூஜைக்கு வரக்கூடாதென்று தள்ளி, கல்குவியல் பக்கம் நிறுத்தப்பட்டிருந்த அஞ்சலை அப்போது நடந்து வந்தாள். ஓடவில்லை. அவள் தன்மேல் பட்டுவிடாமல் கூட்டம் தானாகவே விலகியது. இன்ஜினருகே மண்டியிட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு, தாடைகளைப் பிடித்தாள். சந்தனமும் எண்ணெயும் முழங்கைவரை வழிந்தன. எழுந்து, மாலை போட்ட கொதிகலனிலும் கையை ஒற்றினாள். மண்டோரைப் பார்த்தாள்.

"தாலியறுத்தவ தொட்டுட்டேன். இனிமே கழுவுங்க."

மண்டோரின் முகம் சாம்பலாயிற்று. முண்டச்சி தொட்ட காப்போடு வண்டி இறக்க அவருக்குத் துணிச்சலில்லை. கழுவச் சொன்னார். தொட்டது எதையும் மிச்சம் வைக்காமல், தீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல், வெந்நீர் ஊற்றி, புளி போட்டு, சாம்பல் போட்டு, கறுத்த இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார்கள். தேய்த்துக்கொண்டே அவளை வைதார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வண்டி இறங்கியது. வளைவில் விசில் கேட்டது. மலை முழுக்க நண்டு கூச்சலிட்டது. நின்றது.

மேலே குலவையிட்டார்கள். மண்டோர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், பார்த்தீர்களா, இந்த வருஷம் பூஜை நாளில் எவனும் இரும்பைத் தொடவில்லை, நின்றது என்று. தலைகள் ஆடின. போன வருஷத்துத் தீர்ப்பின் மேல் முத்திரை விழுந்தது. இனி அதை யாராலும் பெயர்க்க முடியாது.

தூணிலிருந்து விடப்பட்ட அவர், தொங்கும் கையோடு அவளருகே போனார்.

"உன் புருஷன் பேரு போச்சே, தங்கச்சி. இன்னைக்கு விட்டிருந்தா…"

"மேல நிக்கிற பயலுக்கும் ஊர்ல ஒருத்தி இருப்பால்லண்ணே" என்றாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கல் உடைக்கப் போனாள். அந்த வாரமே, காப்பைத் தீட்டாக்கியவள் என்று கடைசி அறையையும் பிடுங்கிக்கொண்டார்கள். குழந்தையோடு படகேறி அக்கரைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவரும் அதே வாரம் போய்விட்டார்; அவளோடு அல்ல, தனியாக.

பல வருஷம் கழித்து, புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது அவர் குரல் கேட்டது. சமதரை, கண்ணுக்கெட்டிய தூரம் தண்டவாளத்துக்கு ஏற்றமென்று ஒன்றில்லை. பெஞ்சில் ஒரு போர்ட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கோணலாகச் சேர்ந்த கையை ஆட்டி ஆட்டி, சரிவு, ஈர இலை, கவ்வும் தாடை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. போர்ட்டர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான். கதை அவனுக்குப் பிடித்திருந்தது போலும்.

"நல்லாத்தான் சொல்றீங்க, பெரியவரே. ஒங்க பேரு என்ன?"

"எம்பேரு எதுக்கு?" என்றார் அவர். "அவரு பேரு சின்னையா."